பூக்கட்டிப் பார்த்த பட்டப்படிப்பு

குவார்ட்டர்ஸ் கூட்டாளிகளே, போன வாரம் நம் வாட்ஸாப் குழுவில் ஒருவர் கேட்ட கேள்விக்கு நான் மட்டும் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொண்டீர்கள். "பையன் ப்ளஸ் டூ முச்சிட்டான். கணக்குதான் படிப்பேன்றான். மேத்ஸ் எடுக்கறதா, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கறதா, டேட்டா சயின்ஸ்னு புச்சா ஒண்ணு சொல்றானே, அதுவா? எதுல வேலை கீது?" இதுதான் கேள்வி. அதன் கீழே ஆளுக்கொரு விதமாக எழுதித் தள்ளியிருந்தீர்கள். மேத்ஸ் படித்து பி.எட். முடித்துவிட்டால் வாத்தியார் வேலை எங்கே போய்விடும் என்று ஒருவர். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்காரர்களுக்கென்றே மத்திய சர்க்கார் தனிப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கிறது என்று இன்னொருவர். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஆக்சுவரி ஆகிவிட்டால் ராஜா மாதிரி இருக்கலாம், என் மச்சினன் மகன் அந்தப் பரீட்சையைத்தான் எழுதுகிறான், எழுதுகிறான், எழுதிக்கொண்டே இருக்கிறான் என்று ஒரு குசும்பர். கடைசியாக நம் பழைய கில்லி ஆட்டக்காரர் வந்தார். "இன்னாத்துக்கு மச்சான் இம்மாம் ரோசனை? பூக்கட்டிப் பாத்துடு. சாமி சொல்றத படிக்கட்டும்" என்றார்.

எல்லோரும் சிரித்து வைத்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் துலக்கினேன்.

உங்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் ஒரு பட்டப்படிப்பை நிஜமாகவே பூக்கட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, விவரம் தெரியாத ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னார்கள். விவரம் தெரியாத அந்தப் பெண் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. விவரம் எல்லாம் நன்றாகவே தெரியும்.

என் அக்காவை உங்களுக்கு நினைவிருக்கும். என்னைவிட ஏழு வயது மூத்தவள், இரட்டைச் சடைக்காரி, குழாயடியில் சண்டை வந்தால் யார் குடம் எத்தனையாவது என்று சரியாகச் சொல்லி நடுவராகிவிடுகிறவள். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்து முடிவு வராத அந்தக் கத்திரி வெயிலில் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸே வெந்துகொண்டிருந்தது. கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கப் பிடிக்காமல் அவளும் நானும் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்துத் தாயம் ஆடுவோம். தாயக்கட்டை கிடையாது. புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை கல்லில் தேய்த்து வைத்திருப்போம். தேய்க்கும்போது கிளம்பும் அந்தக் காய்ந்த, கருகின வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

பாதி ஆட்டத்தில் அக்காவுக்கு ஆட்டம் மறந்துவிடும். "நீ வெறுமனே போட்டுகினே இரு" என்பாள். நான் கொட்டைகளைக் குலுக்கிக் குலுக்கிப் போடுவேன். அவள் ஒரு கோடு போடாத நோட்டில் வெள்ளை விழுந்தால் ஒரு பக்கம், கருப்பு விழுந்தால் மறுபக்கம் என்று கோடு இழுப்பாள். நாலு கோடு நெட்டுக்கு, ஐந்தாவது குறுக்கே. கை வலிக்கிறது என்று அழுதால் ஒரு கமர்கட். இப்படி ஒரு மத்தியானம் முழுக்கப் போட்டபிறகு ஒரே ஒரு கொட்டையைத் தனியே எடுத்து வைத்தாள்.

"இது பொய் சொல்ற கொட்டைடி" என்றாள். "மத்ததெல்லாம் பாதிக்குப் பாதி விழுது. இது மட்டும் கருப்பா விழுந்துகினே கீது."

நான் அந்தக் கொட்டையைத் திருடி வைத்துக்கொண்டு அந்தக் கோடை முழுக்க உங்களையெல்லாம் தாயத்தில் ஜெயித்தேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

அந்த நோட்டு இப்போது இல்லை. எப்போது போனது என்றும் தெரியவில்லை. அதில் இருந்தது ஏதோ விளையாட்டுக் கிறுக்கல் என்று அம்மா நினைத்தாள், அப்பா நினைத்தார், நானும் நினைத்தேன். அவள் ஒரு படிப்பைத் தானாகவே ஆரம்பித்துவிட்டாள் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருமழிசைக்கு உள்ளே இருக்கும் பழைய ஊர்க்காரர். பாட்டன் காலம்வரை ஏர் பிடித்த குடும்பத்தில் முதன்முதலாக லேத் பிடித்தவர். ஃபேக்டரியில் டர்னர். இரும்புத் துண்டைக் கடைந்து விரல் நீளத்துக்கு ஒரு பின் செய்வார். தலைமயிரை விட மெல்லிய வித்தியாசம் இருந்தாலும் அந்தப் பின் ஆகாது என்று பெருமையாகச் சொல்வார். அவர் சட்டையில் எந்நேரமும் மசகு எண்ணெய் வாசனை அடிக்கும். அந்த வாசனை வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அவர் செய்கிற பின்கள் பெட்டியோடு ஒருவரிடம் போகும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் செக்ஷன். நாம் அவருக்கு வைத்த பேர் சாம்பிள் மாமா. எண்ணூறு பின் இருக்கிற பெட்டியில் கையை விட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது எடுப்பார். அளந்து பார்ப்பார். இரண்டு தேறாவிட்டால் பெட்டி மொத்தமும் திரும்பி வந்துவிடும். ஃபேக்டரியில் அவரைப் பிடிக்காதவர்கள்தான் அதிகம்.

அந்த மே மாதம் அப்பாவின் பெட்டி திரும்பி வந்தது. ஒருமுறை இல்லை, அடுத்தடுத்து மூன்று முறை. மூன்றாவது தடவை வேலை நடக்கும் ஷாப்பில் எல்லோர் முன்னாலும் பெட்டி மேல் சிவப்புச் சீட்டு ஒட்டினார்களாம். இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவருக்கு ஒட்டின முதல் சிவப்புச் சீட்டு அதுதான். எண்ணூறையும் ஒன்றுவிடாமல் அளந்து கொடு என்று சொல்லிவிட்டார்கள்.

"எட்நூறு பின்னு போட்டேன். இர்வத எட்த்துப் பாத்துட்டு எல்லாம் சொத்தைன்றான்" என்று வீட்டுக்குள் வந்து கத்தினார். "மீதியப் பாத்தானா அவன்? பாக்காமயே எப்டி சொல்லுவான்? இதுக்குப் பேரு படிப்பா? கிளி ஜோசியம்!"

மறுநாளே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எனக்கு ஒரு பேர் வைத்தீர்கள். நொண்டி ஆடும்போது நான் கோட்டைத் தொட்டால் போதும், "ரிஜெக்ட்டு, ரிஜெக்ட்டு" என்று கூவுவீர்கள். யார் ஆரம்பித்தது என்று இப்போது கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டீர்கள். போகட்டும். அன்று நான் வீட்டுக்கு ஓடி வந்தபோது அப்பா பின்கட்டில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல். அப்பாக்கள் அழுவார்கள் என்றே எனக்கு அதுவரை தெரியாது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற வார்த்தையை அன்றுதான் நான் வெறுக்க ஆரம்பித்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலேயே வெறுத்தேன்.

மூன்று நாள் ஷிஃப்ட் முடிந்தும் இருந்து அளந்தார். மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா கேட்டாள். "எட்நூறுல மொத்தம் எத்தினிப்பா தேறல?"

கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கு அந்த எண் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மா அக்காவின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாம்பிள் மாமாவே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலோடு நின்றார். "நான் உங்களைக் குறை சொல்லலீங்க. பெட்டியைத்தான் சொன்னேன். உங்க கை சுத்தம்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா திரும்பப் போனபோது, கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா தலையை நீட்டினாள்.

"ஏன் சார் இர்வது? பத்து எட்த்தா பத்தாதா?"

அந்த மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல கேள்விம்மா" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். அப்பா கதவைச் சாத்தினார். சாத்தின வேகத்தில் நிலைமேல் மாட்டியிருந்த சாமி படம் விழுந்தது. கண்ணாடியைக் கூட்டிப் பொறுக்கினது நான்.

ரிசல்ட் வந்தது. கணக்கில் அக்காதான் பள்ளியிலேயே முதல். அப்ளிகேஷன்கள் வாங்கி, சர்டிபிகேட்டுகளுக்கு நகல் எடுத்து, பச்சை மை கையெழுத்துக்காக ஒரு ஆபீசர் வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் நின்று, எல்லாம் அவளே செய்தாள். அப்பா இங்கிலீஷ் ஃபாரங்களில் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். முதலில் வந்தது பக்கத்து ஊர்ப் பெண்கள் கல்லூரியின் கார்டு. பி.எஸ்சி. மேத்ஸ். அப்பா நூறு கிராம் அல்வா வாங்கி வந்தார். சிவப்புச் சீட்டுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். "மேத்ஸ் படி. அப்புறம் பி.எட். பூந்தமல்லி பக்கமே டீச்சர் வேல. போனியா, வந்தியான்னு இருக்கலாம்" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொரு கார்டு வந்தது. கடற்கரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து. பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ். திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்று போட்டிருந்தது. அந்தக் கல்லூரி ஃபாரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பம் எழுதுகிற இடத்தில் அவள் ஒன்று என்று எழுதியிருந்தது ஸ்டாட்டிஸ்டிக்ஸைத்தான். கீழே அப்பாவின் கையெழுத்து இருந்தது.

"இன்னாடி இது? என்னையே கையெழுத்துப் போட வெச்சி ஏமாத்திகீறியா?" என்றார் அப்பா. குரல் எழும்பவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏமாத்தலப்பா. எனக்கு அதான் புடிச்சிகீது."

"எது? பொட்டில கைய உட்டு இர்வது எடுக்கறதா? நாளைக்கு என்ன மாரி ஒருத்தன் மேல செவப்புச் சீட்டு ஒட்டறதா?"

"அதில்லப்பா. எல்லாத்தையும் பாக்க முடியாதில்ல? கொஞ்சம் பாத்துட்டு, மீதியப் பத்தி எந்த அளவுக்கு நம்பிச் சொல்லலாம்னு..."

"வாய மூடு."

மூன்று நாள் எங்கள் வீட்டில் அப்பாவும் அக்காவும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. அப்பா சாப்பாட்டைத் தொடவில்லை. அக்காவும் தொடவில்லை. அம்மா இரண்டு பக்கமும் போய் வந்தாள். அம்மா அக்கா பக்கம்தான் என்று நான் சத்தியமாக நம்பினேன். "படிக்கணும்னு ஆசப்படுது, படிக்கட்டுமே" என்று அப்பாவிடம் அவள் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள்.

"இப்டியே இருந்தா ரெண்டு பேரும் செத்துடுவீங்க. நாளைக்கு வெள்ளிக்கெழம. ஊர்ல அம்மனாண்ட போயி பூக்கட்டிப் பாத்துடலாம். செவப்பு வந்தா மேத்சு, வெள்ள வந்தா அந்தப் படிப்பு. அப்புறம் ஒருத்தரும் மூச்சு வுடக் கூடாது."

அப்பா தலையாட்டினார். அக்கா எகிறுவாள் என்று நினைத்தேன். அவள் உடனே சரி என்றுவிட்டாள். பிறகு பாய் விரிக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "அப்பா முடிவு பண்ணா எனக்குப் பூஜ்யம்டி. பூக்கட்டிப் பாத்தா பாதிக்குப் பாதி. பூஜ்யத்தவிட பாதி பெருசில்ல?"

விரலால் என் கன்னத்தைத் தட்டினாள். மூன்று நாளில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் அம்மா குளித்துவிட்டு ஈரத் தலையோடு அடுப்படியில் உட்கார்ந்து பொட்டலம் மடித்தாள். நான் எழுந்து போய் வாசற்படியில் குந்தினேன். வேலியிலிருந்து பறித்த செவ்வரளியும் நந்தியாவட்டையும் தட்டில் இருந்தன. அம்மா ஒரு அரளிப் பூவை நோட்டுத் தாளில் வைத்து மடித்து வாழைநாரால் கட்டினாள். நாரின் முனை கொஞ்சம் நீளமாக நின்றது. கத்தரிக்கவில்லை. அடுத்த தாளை எடுக்கும்போது என்னைப் பார்த்துவிட்டாள்.

"இங்க இன்னா வேடிக்க? கொழாயில தண்ணி வந்துடும், கொடத்தத் தூக்கினு ஓடு" என்றாள்.

ஓடினேன். ஆனால் நீள நார் மண்டைக்குள் தங்கிவிட்டது. நீள நார் என்றால் சிவப்பு. சிவப்பு என்றால் மேத்ஸ். மேத்ஸ் என்றால் அப்பா அழ மாட்டார், என்னை யாரும் ரிஜெக்ட் என்று கூப்பிட மாட்டார்கள். வரிசையில் குடத்தை வைத்துக்கொண்டு இதையே திரும்பத் திரும்ப நினைத்தேன். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் பஸ்ஸில் நினைத்தேன். பூந்தமல்லியில் இறங்கித் திருமழிசை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கை நசநசவென்று வேர்த்திருந்தது. அப்போதும் அதையேதான் நினைத்தேன்.

கோயில் என்றால் பெரிய கோயில் இல்லை. குளத்தங்கரையில் ஓட்டுக் கூரைக்குக் கீழே கன்னியம்மன். பூசாரி அப்பாவுக்குப் பங்காளி முறை. அம்மா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த பொட்டலங்களைத் தட்டில் போட்டுக் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். சூடம் காட்டினார். பம்பை அடிக்க ஆளில்லாததால் அவரே மணியை ஆட்டிக்கொண்டு, "கொயந்த, கண்ண மூடி அம்மாவ நெனச்சிகினு ஒண்ண எடு" என்றார்.

கண்ணை மூடுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். இடதுபக்கம் இருந்த பொட்டலத்தில் நாரின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.  பின்னால் அப்பா மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார். அக்கா பக்கத்திலேயே இருந்தாள், அவள் பாவாடை என் காலில் உரசியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், கை வலதுபக்கம் போனது. புளியங்கொட்டை நோட்டு நினைவுக்கு வந்தது. துவைக்கிற கல்லும் வாயில் துண்டுமாக அப்பா நினைவுக்கு வந்தார். நான் இடதுபக்கப் பொட்டலத்தை எடுத்தேன்.

பூசாரி பிரித்தார். செவ்வரளி.

"அம்மா சொல்ட்டா!" என்றார். அப்பா அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். அம்மா எனக்குக் குங்குமம் வைத்தாள், மூக்கெல்லாம் சிந்திவிட்டது. அக்கா மட்டும் அம்மன் காலடியில் மிச்சமிருந்த பொட்டலத்தையே பார்த்தாள்.

"இன்னொண்ணையும் பிரிச்சிப் பாக்கலாமா?" என்றாள்.

"அது தப்புமா" என்றார் பூசாரி. "எடுக்காதத பிரிக்கக் கூடாது. அம்மா வாக்க சந்தேகப்பட்ட மாரி ஆயிடும். கொளத்துல வுட்டுடணும்."

"நானே வுட்டுட்டு வரேன்" என்று அக்கா அதை எடுத்துக்கொண்டாள். அம்மா, "நான் போறேன், குடு" என்று பின்னாலேயே இரண்டடி வைத்தாள். அதற்குள் அக்கா படியிறங்கிவிட்டாள். அவள் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடைசிப் படியில் குந்தி வெகுநேரம் இருந்தாள். பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கை ஈரமாக இருந்தது, கண் ஈரமாக இல்லை. அம்மா அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பஸ்ஸில் அக்கா என் கையைப் பிடிக்கவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை வந்தது, போனது. அக்கா மேத்ஸில் சேர்ந்தாள். பி.எட். முடித்தாள். அப்பா சொன்ன மாதிரியே பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சர். அவளிடம் படித்த பிள்ளைகள் இன்றைக்கும் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். நல்ல வாழ்க்கைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் தாயம் ஆடவில்லை. நான் கொட்டைகளை எடுத்துக்கொண்டு போய் நின்றால், "வேற யாரயாச்சும் கூப்ட்டுக்கோ" என்பாள்.

அந்தத் தீபாவளிக்கு அப்பா கண்ணாடி போட்டார். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. தாத்தா, தாத்தா என்று கேலி செய்தோம். இன்று என் போனை முழ நீளம் தள்ளிப் பிடித்து உங்கள் செய்திகளைப் படிக்கிறபோதுதான் உறைக்கிறது. அந்தக் கோடையில் அவருக்கு அளவு பார்க்கும் கருவியின் கோடு தெரியவில்லை. எண்ணூறையும் அளந்தபோது அவருக்கே அது தெரிந்துபோயிருக்கும். சாம்பிள் மாமாவின் இருபது பொய் சொல்லவில்லை. கண் போச்சு என்று வெளியே தெரிந்தால் லேத்தை விட்டு இறக்கிவிடுவார்களோ என்று பயந்துதான் அந்த மனிதர் அத்தனை கத்தலும் கத்தியிருக்கிறார். ஊசியில் அவருக்கு நூல் கோத்துக் கொடுத்தவள் அம்மா, அவளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

இதெல்லாம் என்னைச் சேர்த்துப் பார்க்க வைத்தது போன ஞாயிற்றுக்கிழமைதான். என் மகள் இந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். அவளுக்கும் கணக்குப் பைத்தியம். பெரியம்மாவிடம் கேட்டு அப்ளிகேஷன் போடுகிறேன் என்றாள், அழைத்துக்கொண்டு போனேன். பூந்தமல்லியில் அக்கா வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மெட்ரோ தூண்கள் தெரியும். ஜன்னலைச் சாத்தினாலும் சிமெண்டுத் தூசி உள்ளே வந்துவிடும். அக்கா லேப்டாப்பைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து என் மகளுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேத்ஸ் என்றால் மேலே மேலே படிக்கிற பொறுமை வேண்டும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்றால் மருந்துக் கம்பெனியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரைக்கும் ஆள் தேடுகிறார்கள். டேட்டா சயின்ஸ் என்று புதிதாகப் பேர் வைத்திருப்பதில் பாதி ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான், அடித்தளம் முதலில், அலங்காரம் அப்புறம். இத்தனையும் அவள் படிக்காத படிப்பைப் பற்றி. இத்தனை வருஷமாக ஒன்றுவிடாமல் பார்த்து வைத்திருக்கிறாள்.

"அப்ப நீங்க ஏன் பெரிம்மா ஸ்டாட்ஸ் எடுக்கல?" என்று கேட்டாள் என் மகள்.

"கெடைக்கலமா" என்றாள் அக்கா சாதாரணமாக.

என்னால் தாங்க முடியவில்லை. நாற்பது வருஷமாக நெஞ்சில் கிடந்ததை அங்கேயே, மகள் முன்னாலேயே கொட்டிவிட்டேன். நீள நார், குழாயடி, இடதுபக்கம், எல்லாம். "நாந்தான்கா. தெரிஞ்சேதான் எடுத்தேன். உனக்குப் பாதிக்குப் பாதி இருந்துது. அத நான் கெடுத்துட்டேன்" என்று அழுதேன்.

அக்கா முழுசாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "பாதியெல்லாம் ஒண்ணும் இல்லடி. நீ எத எடுத்திருந்தாலும் அதான். கொளத்துப் படியில பிரிச்சிப் பாத்தேன். அதுலயும் அரளிதான்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு பொட்டலத்தையும் மடித்தது அம்மா. எங்கள் அம்மா, அக்கா பக்கம் நின்ற அம்மா. புருஷனின் கண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு, வீட்டுக்குச் சீக்கிரம் ஒரு நிச்சயமான வேலை வேண்டும் என்று பயந்து, அம்மனையே கூட்டுச் சேர்த்துக்கொண்ட அம்மா. அவள் போய் ஏழு வருஷமாகிறது. கடைசிவரை அக்காதான் அவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிப் பார்த்துக்கொண்டாள். ஒருநாள்கூட அவளிடம் இதைக் கேட்கவில்லையாம்.

முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் எடுத்ததால ஒண்ணும் மாறலையேக்கா?" என்றேன்.

"மாறல" என்றாள் அக்கா. லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா வேணாம்னார். அம்மா எப்டின்னு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி. ஊட்ல ஒருத்தி கைதான் சூதுவாது இல்லாத கைன்னு இம்மாம் வருசமா நெனச்சிகினு இருந்தேன். அதுவும் இல்லன்னு இப்பதான் தெரியுது."

 அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, என் மகள் பக்கம் திரும்பி, "மொத விருப்பம் இன்னா போடட்டும்?" என்று கேட்டாள். அவள் சொன்னதை டைப் அடித்தாள். சரிபார்த்தாள். பிரிண்ட் எடுத்து, மடிக்காமல் கவரில் போட்டு அவள் கையில் கொடுத்தாள்.

எப்போது போனாலும் அக்கா எங்களோடு பஸ் நிலையம்வரை நடந்து வந்து, பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்று பேசிக்கொண்டிருப்பாள். அன்று மாடிப்படியோடு நின்றுவிட்டாள். "பாத்துப் போங்க" என்று என் மகளிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.